பூட்டிய காம்பரா

மீனம்மா தண்ணீர்ப் பீலிக்குத் துணி துவைக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய காம்பராவைப் பூட்டினார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம், கங்காணி மாயாண்டி, தேயிலை ஃபெக்டரியில் மிஷின் பார்க்கும் ஃபிட்டர் அந்திராதோ. கங்காணி உள்ளே போய்ச் சட்டி பானையையும், டிரங்குப் பெட்டியையும், சுருட்டிய பாயையும், சுவரில் தொங்கிய முருகன் படத்தையும் எடுத்து வந்து முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தான். ஃபிட்டர் கதவிலும் நிலையிலும் துளை போட்டு, பூட்டு மாட்டக் கொண்டி அடித்தார். கிளாக்கர் தம் கையாலேயே பூட்டை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா வாசலில் நின்று வீரம்மா இதையெல்லாம் பார்த்தாள். சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு அவள் கொழுந்தெடுக்கப் போகவில்லை. பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பயத்தினால் அல்ல. மீனம்மாவோடு அவளுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் புகை. நெட்டமரத் தோட்டத்து ஆறாம் லயத்தில் பத்துக் காம்பராக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மேலே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. நடுவில் சுவர்கள் உண்டு. ஆனால் கட்டின வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ, ஒரு சுவரும் கூரையைத் தொடவில்லை. ஆளுயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டன. அதற்கு மேல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வெளி. முதல் காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் "நூறு" என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் வீரம்மா ஈர விறகை அடுப்பில் வைக்க, புகை சுவர் தாண்டி மீனம்மா பக்கம் இறங்கியது. "பொகை போட்டு வெரட்ட நான் என்னா குளவிக்கூடா?" என்று மீனம்மா சொன்னது சுவர் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. அன்றோடு சரி.

இருந்தாலும், பூட்டு விழுந்த சத்தம் வீரம்மாவுக்கு எங்கேயோ குத்தியது.

"ஐயா, அது வயித்துப் புள்ளக்காரி காம்பராங்க" என்றாள்.

கிளாக்கர் திரும்பினார். யாழ்ப்பாணத்து மனிதர். காற்சட்டை மடிப்பைப் போலவே பேச்சிலும் கசங்கல் இராது. "ஆருடைய காம்பரா? தோட்டத்துக் கட்டடம். புருசன்ட பேரை வெட்டியாச்சு. புருசன்ட பேர் போனால் பெண்சாதியின்ட பேரும் போகும். சட்டம் தெரியாதோ?"

"அந்தக் குடும்பம் மூணு தலமொறையா இருந்த காம்பராங்க."

"காம்பரா, காம்பரா!" கிளாக்கர் சிரித்தார். "உது தமிழே? அறை எண்டு சொல்ல வேணும். உது வெள்ளைக்காரன் விட்டெறிஞ்ச சொல்லு. சொல்லே சொந்தமில்லாத சனத்துக்கு இடம் மட்டும் எப்பிடிச் சொந்தமாகும்?"

கங்காணி பல்லைக் காட்டினான். ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கருவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

மீனம்மாவின் புருஷன் சோலைமலை தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஐப்பசி அடைமழையில் மேல்மலையில் மண் சரிந்தது. மறுநாளே அந்தச் சரிவில் பெண்களைக் கொழுந்தெடுக்க இறங்கச் சொன்னான் கங்காணி. சோலைமலை குறுக்கே போய் நின்று, "மொதல்ல தொரை எறங்கட்டும், பின்னாடி பொம்பளைங்க எறங்குவாங்க" என்றான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அந்த வாரமே தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டினார்கள். இனித் தோட்டத்து எல்லைக்குள் கால் வைத்தால் பொலிசு என்றார்கள். அவன் ராகலை டவுனில் ஹமீத் நானாவின் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு, கடைக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டு, தொழிற்சங்கத்தின் மூலமாகக் கேஸ் நடத்திக்கொண்டிருந்தான்.

ஹட்டனிலிருந்து வந்த சங்கத்துப் பிரதிநிதி லயத்து வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மீனம்மா காம்பராவுக்குள்ள இருக்கிற வரைக்கும் கேஸ் உசுரோட இருக்கும். வெளியே போயிட்டா, அவுங்களா விட்டுட்டுப் போனாங்கன்னு தொரை எழுதிக் குடுத்துருவாரு. பூட்டு கீட்டை ஒடைச்சிராதீங்க. ஒடைச்சா திருட்டுக் கேஸ்."

காம்பரா போனால் தோட்டம் போயிற்று. வேறு தோட்டத்தில் பேர் வெட்டுப்பட்டவனைச் சேர்க்கமாட்டார்கள். இந்த நாட்டில் பிரஜை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பாட்டன் கப்பலேறி வந்த அந்த நாட்டில் இவர்களை யாருக்கும் தெரியாது. மீனம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை. எங்கே பெறுவாள்?

ஈரத் துணி மூட்டையோடு திரும்பி வந்த மீனம்மா பூட்டைப் பார்த்தாள். அழவில்லை. டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, முருகன் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழை சாரலாகத் தொடங்கி இஸ்தோப்புக்குள் அடித்தது. அவள் அசையவில்லை.

வீரம்மா உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். கடைசியில், வாசலில் நின்ற தன் கோழியைப் பார்த்துச் சொன்னாள்: "நனைஞ்சுக்கிட்டு ஒக்காந்தா புள்ளைக்குச் சளி புடிக்கும்னு யாராச்சும் சொன்னா நல்லது."

மீனம்மா முருகனைப் பார்த்துச் சொன்னாள்: "கூப்புடுறதுன்னா பேரைச் சொல்லிக் கூப்புடலாம். எனக்குப் பேரை வெட்டினது தொரைதான், அவ இல்ல."

"மீனம்மா, எந்திரிச்சு உள்ள வாடி."

அப்படித்தான் இரண்டு வருஷப் பேச்சு திரும்ப வந்தது.

வீரம்மாவின் புருஷன் கந்தப்பன் வேலை விட்டு வந்து, அடுப்படியில் மீனம்மாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். பெண்டாட்டியைச் சைகை காட்டி வெளியே கூப்பிட்டான். "ஏ புள்ள, என்னா காரியம் பண்ணிட்ட? பேரு வெட்டின குடும்பத்தை வச்சிருந்தா நம்ம பேரையும் வெட்டுவானுங்க."

"வெட்டட்டும்."

"வெட்டட்டுமா? நீ பாட்டுக்குச் சொல்ற. நாளைக்கு நாம எங்க போறது?"

"அதைத்தான் அவளும் கேக்குறா. பதில் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க."

கந்தப்பன் தலையைச் சொறிந்துகொண்டு கால் கழுவப் போனான். பயந்த மனிதன்தான், ஆனால் நனைந்து நிற்பவளை வெளியே போ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அது வீரம்மாவுக்குத் தெரியும்.

ஆனால் சங்கத்தார் சொன்னது அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்தால் அதுவும் வெளியே போனதுதானே? கிளாக்கர் சொன்னது அதைவிட அதிகமாக அரித்தது. சொல்லே சொந்தமில்லை என்றாரே!

மறுநாள் மாலை, ஃபெக்டரிக்குப் பக்கத்து மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, ஃபிட்டர் அந்திராதோ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போர்த்துக்கீசர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். இரும்பு வேலை அவர்கள் பரம்பரை. மேஸ்திரிமாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'.

"கோவமோ புள்ள?" என்றார்.

"பூட்டுப் போட்ட கைக்கு மாலையா போடச் சொல்றீங்க பாஸு?"

"நான் மாட்டன் எண்டா, எனக்கும் ஒரு கதவு இருக்கு. அதுக்கும் ஒரு பூட்டு இருக்கு." அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய்க் கறை போகவில்லை.

வீரம்மா கூடையை இறக்கி வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். காம்பராங்கிறது வெள்ளைக்காரன் சொல்லுன்னாரே கிளாக்கரையா, அது நெசமா?"

"எந்த வெள்ளைக்காரன்? நம்மட துரையிட்டப் போய்க் காம்பரா எண்டு சொல்லிப் பாரு, முழிப்பார். அது போர்த்துக்கீசன் கொண்டுவந்த சொல்லு. எங்கட வீட்டுல இப்பவும் அதுதான்." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு கதை கேளு. போன மாசம் கோயில் பாதர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாரே, இத்தாலிக்காரர்? என்ட அறையைப் பார்த்திட்டு, 'கேமரா நல்லா இருக்கு' எண்டார். படம் புடிக்கப் போறார் எண்டு நான் ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு வந்து நிண்டன்!"

வீரம்மாவுக்குச் சிரிக்க மனமில்லை. இருந்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"மறுகாதான் விளங்கிச்சு. அவர் ஊருலயும் அறைக்கு அதுதான் பேராம். பிரெஞ்சுக்காரன் ஷாம்பர் எண்டுறானாம். ஸ்பெயின்காரன் காமரா எண்டுறானாம். எல்லாம் ரோமாபுரியில இருந்து வந்ததாம். ரோமாக்காரனாவது சொந்தமா வச்சிருந்தானா? அவன் கிரேக்கனிட்ட எடுத்தானாம். இங்க சிங்களவர் காமரய எண்டுறாங்க. நீங்க காம்பரா. ஒருத்தரிட்டயும் அதுக்கு உறுதிப் பத்திரம் இல்ல புள்ள."

"அப்ப அது யாரு சொல்லுதான் பாஸு?"

"அதுக்குள்ள படுத்து எழும்புறவன்ட சொல்லு. வேற யாருட?" ஃபிட்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டும் பாதர் சொன்னார். முதல்ல அது அறைக்குப் பேரே இல்லையாம். வளைச்சுக் கட்டின கூரைக்குத்தான் அந்தப் பேராம். கூரைதான் முதல். அதுக்குக் கீழ இருந்த இடத்துக்கு அந்தப் பேர் மறுகாதான் ஒட்டிச்சாம். அதுக்கும் மறுகா, அந்த இடத்துல ஒண்டாப் படுத்த சிப்பாய்மாருக்கு. காமராதா. உங்கட சங்கத்து ஆக்கள் காம்ரேட் எண்டு கத்துறாங்களே, அதுவும் இந்தச் சொல்லுதான்."

"அப்ப எனக்கு மீனம்மா காம்ரேட்டு. வெளங்கிரும்!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள் வீரம்மா. ஆனால் பாதி வழியில் நின்றாள். கூரைதான் முதல் என்றாரே.

லயத்துக்கு வந்து, விளக்கேற்றாமல், அடுப்பு வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தாள். தகரம் தன் காம்பராவின் மேலிருந்து சுவரைத் தாண்டி மீனம்மா காம்பராவின் மேல் போயிற்று, அங்கிருந்து அடுத்ததற்கு, அப்படியே போய்க்கொண்டிருந்தது. பூட்டுப் போட்டது கதவுக்கு. கூரைக்கு யார் பூட்டுப் போட்டார்கள்?

"மீனம்மா, அட்டல்ல ஏற முடியுமா ஒன்னால?"

விறகு அடுக்க மூங்கில் கட்டிய அட்டல் சுவரை ஒட்டி, சுவர் உயரத்துக்கு இருந்தது. மீனம்மா அண்ணாந்து பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. "ஏறினா எறங்கமாட்டேன் அக்கா. இன்னொரு தடவ இந்த வயித்தோட முடியாது. ஏறினா ஏறினதுதான்."

"எறங்க வேணாம். ஓங் காம்பராவுலயே கெட. சோறு நான் தர்றேன்."

கந்தப்பன் கும்பிட்டான், கோபித்தான், பிறகு தானே தேயிலைப் பெட்டிகளைப் படியாக அடுக்கினான். முதலில் அவன் அந்தப் பக்கம் இறங்கி நின்றான். இந்தப் பக்கம் வீரம்மா தாங்க, அந்தப் பக்கம் கந்தப்பன் தாங்க, மீனம்மா மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சுவரைக் கடந்தாள். பாயும் பானையும் முருகனும் பின்னால் போனார்கள். வெளியே பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிளாக்கர் கேட்டார்: "அந்தப் பொம்பிளை எங்கே? போயிட்டாளே?"

"ஓங்க பூட்டை நீங்க பாத்துக்கிட்டீங்கன்னா, நாங்க எங்க வேலைய பாத்துக்கிறோங்க" என்றாள் வீரம்மா. கிளாக்கர் போய்ப் பூட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. இஸ்தோப்பில் சாமான் இல்லை. திருப்தியோடு போனார்.

அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் யாரும் பார்க்காத ஒரு குடித்தனம் நடந்தது. விடியுமுன் வீரம்மா ரொட்டியும் சாயத் தேநீரும் சுவருக்கு மேலே நீட்டுவாள். மத்தியானத்துக்கு ஒரு சட்டி. இருட்டியதும் கழிவு வாளி இந்தப் பக்கம் வரும். "ரெண்டு வருஷம் மொகம் பாக்காதவ வாளிய சொமக்கிறேன் பாரு" என்பாள் வீரம்மா. "நானா சொமக்கச் சொன்னேன்? நீதான காம்ரேட்டு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

லயத்தில் ரகசியம் தங்குமா? மூன்றாம் நாளே பத்துக் காம்பராவுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் வாயிலிருந்தும் அது வெளியே போகவில்லை. ஒருநாள் கங்காணி மாயாண்டி வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. கங்காணி காதைத் தீட்டினான். உடனே வீரம்மா இருமினாள். நாலாவது காம்பராவில் ஒருவர் இருமினார். பிறகு எட்டாவதில், பத்தாவதில். லயமே இருமித் தள்ளியது. "என்னா கருமம் புடிச்ச லயம்டா இது! எல்லாத்துக்கும் மருந்து வாங்கிக் குடிங்க!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கங்காணி ஓடினான்.

மார்கழிப் பனி தொடங்கிய ஒரு காலையில், பெரட்டுத் தப்பு அடிக்கும் நேரத்தில், மீனம்மாவுக்கு வலி எடுத்தது.

தோட்டத்து மருத்துவிச்சி ராசம்மாவைக் கூட்டி வந்தார்கள். ராசம்மா இரட்டை நாடி சரீரம். அட்டலையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். "இதுல ஏறிக் குதிக்க நான் என்னா பூனையா? முப்பது வருஷமா வாசல் வழியாத்தான் போயிப் புள்ள எடுத்திருக்கேன். கதவைத் தெறங்க."

வீரம்மா அட்டலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். மீனம்மா பாயில் சுருண்டு கிடந்தாள். அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, சுவருக்கு மேலே கத்தினாள்: "ஏங்க, கிளாக்கரையாவக் கூட்டிக்கிட்டு வாங்க! சாவியோட!"

கந்தப்பன் ஓடினான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஆபீசுப் படியில் அனுமதி கேட்காமல் ஏறினான். திரும்பி வந்தபோது கிளாக்கரும், கங்காணியும், ஃபிட்டரும் கூட வந்தார்கள். வேலைக்குப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மலையில் ஒரு கொழுந்தும் கிள்ளப்படவில்லை.

கிளாக்கர் பூட்டைப் பார்த்தார். பூட்டு அசையாமல் கிடந்தது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அவர் கதவில் காதை வைத்தார்.

"உள்ளுக்க ஆர்?"

"மீனம்மாங்க" என்று உள்ளேயிருந்து வீரம்மா சொன்னாள். "தொணைக்கு நான்."

"எப்ப தொட்டு உள்ளுக்க இருக்கிறாள்?"

"நீங்க பூட்டின நாள்லருந்துங்க. வெளியே போகவே இல்ல. சாவி ஓங்ககிட்டதான இருக்கு? எப்புடிங்க போவா?"

வாசலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கிளாக்கருக்குக் கணக்குப் புரிந்தது. திறந்தால், அவள் காம்பராவை விட்டுப் போகவில்லை என்று அவர் கையாலேயே ஊருக்குக் காட்டினமாதிரி ஆகும். இத்தனை பேர் சாட்சி.

"போன வழியாலேயே அவளைத் தூக்கிக்கொண்டு வாருங்கோ. ஆஸ்பத்திரிக்கு லொறி தாறன்."

"இப்ப தூக்கினா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல" என்றாள் ராசம்மா.

"அப்ப நான் துரையைக் கேட்க வேணும்."

"கேளுங்க" என்றாள் வீரம்மா உள்ளேயிருந்து. "பூட்டினது நீங்க. தெறக்கிறதும் நீங்கதான். நாங்க ஒடைக்கமாட்டோம், ஒரு கீறல் போடமாட்டோம். உள்ள என்னா ஆனாலும் ஓங்க பூட்டு ஓங்க பூட்டாவே இருக்கும்."

"வீரம்மா, உன்ட பேரும் வெட்டுப்படும். விளங்குதோ?"

"வெட்டுங்கய்யா! பேனா எடுத்துக்கிட்டு வந்தீங்களா, இல்ல சாவி மட்டுந்தானா? பேரை வெட்டினா நாளைக்குக்கூட வெட்டலாம். இது நாளைக்கு வரைக்கும் நிக்காது!"

மீனம்மா ஓர் அலறல் அலறினாள். அது கூரைக்கடியில் பத்துக் காம்பராவுக்கும் ஓடி அடங்கியது. வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. கங்காணி மாயாண்டிகூடத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். ஃபிட்டர் அந்திராதோ ஓரடி முன்னால் வந்தார். "சாவியைத் தாங்க சேர். நான் திறக்கிறன். துரை கேட்டா நான் திறந்தன் எண்டு சொல்லுங்க."

கிளாக்கர் அவரைப் பார்த்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தான். சாவியை வெளியே எடுத்தார். ஃபிட்டரிடம் கொடுக்கவில்லை. தாமே குனிந்து பூட்டில் செருகினார். முதல் தடவை திரும்பவில்லை. இரண்டாவது தடவை திரும்பிற்று.

ராசம்மா அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெந்நீர்க் குடத்தோடு இரண்டு பெண்கள் பின்னால் போனார்கள்.

கிளாக்கர் கழற்றிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பிள்ளை பிறந்தவுடனை இதைத் திரும்பப் போட வேணும். நான் இதிலேயே நிப்பன்."

வீரம்மா வாசலுக்கு வந்தாள். தலை கலைந்து, சேலை முழுவதும் சுவர்ச் சுண்ணாம்பு. கிளாக்கர் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நில்லுங்கய்யா, தாராளமா நில்லுங்க. ஆம்பளைங்க நிக்கிற எடம் அதுதான்."

கதவைச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் வெளியே எல்லோருக்கும் கேட்டது.